எண்ணல்லாதது எதற்குச் சமம்?: குறைதுல்லியத் தரவுகளின் ஒப்பீடு பற்றிய சில குறிப்புகள்

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர் ஒருவர், தம்மிடமுள்ள இரு சுவடிகளிலும் ஒரே செய்யுளின் ஒரே சீர் எழுதப்படாது இடம் விடப்பட்டிருக்கக் காண்கின்றார் எனக் கொள்வோம். அவர் முன் இரு வினாக்கள் எழுகின்றன. விடப்பட்ட சீர் இரண்டிலும் ஒன்றேதானா என்பது ஒன்று. இவ்விரு சுவடிகளும் சிதைந்த ஒரே மூல ஏட்டைப் பார்த்து எழுதப்பட்டனவா என்பது மற்றொன்று. முதல் வினாவுக்கு விடை கூறுதல் இயலாது. இல்லாத எழுத்தை இல்லாத எழுத்தோடு ஒப்பிட்டுச் சமம் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. இரண்டாவது வினாவுக்கோ, ஆம் என விடையிறுக்கப் போதிய நியாயமுண்டு. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொண்டு மயங்கும் பதிப்பாசிரியர் இரு வகையிலே தவறிழைப்பார்: ஒன்றில், தெரியாததைத் தெரிந்ததாக எழுதுவார், அன்றேல், உறவுடைய சுவடிகளை உறவற்றனவெனத் தள்ளுவார்.

இதே மயக்கம் கணினித்துறையிலே அன்றாடம் நிகழ்ந்துவருகின்றது என்பதனை அண்மையில் எமது சொந்த முயற்சியொன்றின்போது அறிய நேர்ந்தது. நாம் கணிதத்துறையினர் அல்லோம். எனினும் சொற்களின் வருகையை எண்ணி நூல்களின் ஒப்புமையை அளவிடும் முறை இன்று இலக்கிய ஆய்விலும் இடம்பெற்றுவிட்டமையால், அக்கணிப்பின் அடித்தளத்திலே கிடக்கும் இச்சிறு சிக்கலை எம்போன்றோரும் விளங்கிக்கொள்ளல் வேண்டும் எனக் கருதுகின்றோம்.

கணினியானது பின்ன எண்களைப் பெரும்பாலும் 'மிதவைப் புள்ளி' என்னும் முறையிலே சேமிக்கின்றது. குறி, அடுக்கு, பின்னப்பகுதி என மூன்று பகுதிகளாகத் துவித இலக்கங்கள், அதாவது பிற்றுகள், பகிரப்படுகின்றன. வழக்கமான வடிவங்கள் 64 பிற்றுகளையும் 32 பிற்றுகளையும் கொண்டவை. குறைதுல்லிய வடிவங்கள் 16 பிற்றுகளையும், இப்பொழுது 8, 4 பிற்றுகளையுமே கொண்டு அமைகின்றன. அடுக்குப்பகுதியின் பிற்றுகள் யாவும் 1 ஆக அமையும் நிலை சாதாரண எண்களுக்கு வழங்கப்படுவதில்லை. அந்நிலையிலே பின்னப்பகுதி முற்றிலும் பூச்சியமாயின் அது முடிவிலி. பூச்சியமல்லாதாயின் அது எண்ணே அன்று. பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தல், முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தல், மறை எண்ணுக்கு வர்க்கமூலங் காணல் முதலிய பொருளற்ற செய்கைகளின் விளைவாக இது தோன்றும். ஆங்கிலத்தில் இதன் சுருக்கப் பெயரை 'நான்' என ஒலிக்கின்றனர். தமிழிலே அவ்வொலி தரும் பொருள் வேறாகையால், 'எண்ணல்லாதது' என்றே இக்கட்டுரையில் வழங்குவோம்.

இதன் விசேட பண்பு யாதெனில், அது தனக்குத் தானே சமமன்று என்பதாகும். எந்த எண்ணோடு ஒப்பிடினும், பெரிதா, சிறிதா, சமமா என்னும் மூன்று வினாக்களுக்கும் 'இல்லை' என்பதே விடை. தன்னோடு தன்னை ஒப்பிடினும் அவ்வாறே. இது வெறும் விநோதமன்று. 1970களிலே கணினிக் கம்பனிகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென ஓர் எண்கணிதத்தைக் கொண்டிருந்தன. ஒரு பொறியிலே எழுதப்பட்ட செய்நிரல் மற்றொரு பொறியிலே வேறு விடை தந்தது. 1964ஆம் ஆண்டின் கொன்றோல் டேற்றா 6600 பொறியிலே 'வரையறையற்றது' எனுங் குறியீடு முன்னரே இருந்தது. எனினும் பொது நியமம் ஒன்று உருவாகியது 1985ஆம் ஆண்டிலேயாகும். ஐ.ஈ.ஈ.ஈ. 754 எனப்படும் அந்நியமத்தின் பின்னணியிலே பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கஹானின் உழைப்பும், இன்ரெல் கம்பனி 1980இல் வெளியிட்ட 8087 கணிப்பியின் அனுபவமும், அதனை எதிர்த்து நின்ற டிஜிற்றல் எக்குயிப்மென்ற் கம்பனியுடனான நெடிய வாதமும் உள்ளன. எண்கணிதம் கூடச் சந்தைப் போட்டிக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. பொது நியமம் கம்பனிகளின் தாராள மனத்தினால் வந்ததன்று. முரண்பாட்டின் ஊடாகவே வந்தது. (கஹானுக்கு 1989இல் ரூரிங் பரிசு வழங்கப்பட்டது.) ஒரு பெறுமானம் எண்ணா, அன்றா என வினவுதற்கு அக்காலத்து மொழிகளிலே பொதுவான வசதி இல்லாதிருந்தமையால், 'தனக்குத் தான் சமமன்று' என்னும் பண்பே அதனை இனங்காணும் வழியாகவும் பயன்பட்டது.

இனி எமது முயற்சிக்கு வருவோம். நாவல்கள் சிலவற்றைத் தம்முள்ளும், மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்கள் சிலவற்றைத் தம்முள்ளும், சொல்வருகையின் அடிப்படையில் ஒப்பிட்டு இரு அட்டவணைகள் ஆக்கியிருந்தோம். கணிப்பு 32 பிற்று வடிவிலே நடைபெற்றது. பின்னர், நினைவகம் போதாமையால், அதே கணிப்பை 16 பிற்று வடிவிலே மீளச் செய்து, இரு விடைகளும் ஒத்துள்ளனவா எனச் செய்நிரலொன்றினாற் சோதித்தோம். அச்செய்நிரல் வேறுபாடு மிகச் சிறிதென்றும் புதிய அட்டவணை ஏற்கத்தக்கதென்றும் அறிவித்தது. சில வாரங்கள் கழிந்த பின்னரே, புதிய அட்டவணையின் பல இடங்களிலே எண்ணே இல்லை என்பதனைக் கண்டோம்.

நிகழ்ந்தது இதுதான். 16 பிற்று வடிவிலே சேமிக்கக்கூடிய மிகப்பெரிய எண் 65,504 ஆகும். நெடிய நாவலொன்றிலே ஒரு சொல் 256 முறை வருமாயின், அதன் வர்க்கம் 65,536. எல்லை கடந்துவிட்டது; விடை முடிவிலி. ஒப்புமையின் தொகுதியும் பகுதியும் அவ்வாறே முடிவிலியாக, முடிவிலியை முடிவிலியால் வகுத்த விடை எண்ணல்லாதது ஆயிற்று. பாடல்களின் கதையோ இதற்கு நேர்மாறானது. நாம் பயன்படுத்திய சொற்பட்டியல் அச்சேறிய உரைநடையிலிருந்து தொகுக்கப்பட்டது. தோட்டத்துப் பேச்சுவழக்கிலே அமைந்த குறும்பாடல்கள் சிலவற்றின் ஒரு சொல்லேனும் அப்பட்டியலில் இல்லை. ஆகவே அப்பாடல்களுக்குரிய எண்ணிக்கைகள் யாவும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தமையால் அங்கும் எண்ணல்லாதது. பாடல்களைப் பொறுத்தவரை 32 பிற்று, 16 பிற்று ஆகிய இரு கணிப்புக்களும் ஒரே விடையைத் தந்தன. நாவல்களைப் பொறுத்தவரை முன்னையது எண்ணைத் தந்தது, பின்னையது தரவில்லை. மிகுதியினால் உடைந்த கணிப்பும், எமது பட்டியலின் புறக்கணிப்பினால் உடைந்த கணிப்பும் ஒரே குறியீட்டைப் பெற்று ஒரே வரிசையிலே நின்றன. (எண்ணிக்கைக்குப் பதிலாக விகிதத்தைப் பயன்படுத்தியிருப்பின் தப்பியிருக்கலாமே எனக் கேட்கலாம். பத்தாயிரம் சொற்கொண்ட நூலில் ஒருமுறை வருஞ் சொல்லின் விகிதம் 0.0001; அதன் வர்க்கம் 16 பிற்று வடிவிலே பூச்சியமாகிவிடும். குறைதுல்லியம் இருபுறமும் வெட்டுங் கத்தி.)

செய்நிரல் இவற்றை ஏன் காணவில்லை? அதிலே எழுதப்பட்டிருந்த கட்டளை ஏறத்தாழ இவ்வாறானது: இரு விடைகளின் வித்தியாசம் அனுமதித்த அளவைவிடப் பெரிதாயின் பிழையென அறிவிக்க. எண்ணல்லாதது கலந்த வித்தியாசமும் எண்ணல்லாததே. அது அனுமதித்த அளவைவிடப் பெரிதா? இல்லை. ஆகவே பிழையில்லை. மிகப்பெரிய வித்தியாசத்தைத் தேடும் பகுதியும் இவ்வாறே ஏமாந்தது: 'இதுவரை கண்டதைவிடப் பெரிதாயின் குறித்துக்கொள்க' என்னுங் கட்டளையிலே எண்ணல்லாதது ஒருபோதும் குறிக்கப்படுவதில்லை. அட்டவணை முழுவதும் எண்ணல்லாதவற்றால் நிரம்பியிருப்பினும், மிகப்பெரிய வித்தியாசம் பூச்சியம் என அச்செய்நிரல் பெருமையோடு அறிவித்திருக்கும். கட்டளையை மாற்றி, 'வித்தியாசம் அனுமதித்த அளவுக்கு உட்பட்டதாயின் மட்டும் ஏற்க' என எழுதினால், நாவல்களின் பிழை அகப்படும். சாதாரண எண்களைப் பொறுத்தவரை இவ்விரு வாக்கியங்களும் ஒரே பொருளன. பெரிதன்று எனின் சிறிது அல்லது சமம் என்று பள்ளியிலே பயின்ற தருக்கம் எண்ணல்லாததன் முன்னிலையிலே தோற்றுவிடுகின்றது. குற்றம் நிறுவப்பட்டாலன்றி விடுதலை என்பது நீதிமன்றத்துக்கு ஏற்ற நெறி. சோதனைச் செய்நிரலுக்கு அது பொருந்தாது.

ஆனால் மாற்றி எழுதிய கட்டளை புதியதோர் அநியாயத்தைச் செய்கின்றது. பாடல்கள் இரு கணிப்பிலும் ஒரே விதமாகவே நடந்துகொண்டன. எனினும் அவை இப்பொழுது பிழையெனக் காட்டப்படுகின்றன. முதலிலே கூறிய இரு வினாக்களும் இங்கே வேறுபிரிகின்றன. 'இவ்விரு பெறுமானங்களும் சமமா?' என்பது எண்கணித வினா. அதற்கு நியமம் தரும் விடை, 'இல்லை' என்பது. 'இவ்விரு கணிப்புக்களும் ஒரேவிதமாய் நடந்தனவா?' என்பது சோதனையாளரின் வினா. அதற்கு விடை, 'ஆம்' என்பது. நியமத்தைக் குறைகூறுவோர் பலர் இரண்டாவது வினாவை மனத்திற் கொண்டு முதலாவது வினாவின் விடையைக் கண்டிக்கின்றனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. பைதன் மொழியினர் பெரிதும் கையாளும் நம்பை நூலகத்திலே இம்மயக்கத்தின் சுவடு தெளிவாகவே உள்ளது. அண்மித்த சமத்துவத்தை வினவும் பொதுச் செயற்கூறு, வேறு கட்டளை இடாதவிடத்து, எண்ணல்லாதவற்றைச் சமமற்றனவாகக் கொள்கின்றது. அதே நூலகத்தின் சோதனைப் பிரிவிலுள்ள செயற்கூறோ அவற்றைச் சமமெனக் கொள்கின்றது. முரண்பாடு போலத் தோன்றினும், இரண்டும் தத்தம் வினாவுக்குச் சரியான விடையையே தருகின்றன. வினா எதுவென்பதை உணராது ஒன்றுக்கு மற்றொன்றைப் பயன்படுத்துவோரே இடர்ப்படுவர்.

தரவுத்தளங்களும் மொழிகளும் வெவ்வேறு சமரசங்களைச் செய்துள்ளன. வரிசைப்படுத்துதற்கு முழுமையான ஒழுங்கு வேண்டும். தனக்குத் தான் சமமல்லாத ஒன்று வரிசையிலே புகுந்தால், அதன் இருபுறத்து எண்களும் ஒழுங்கிழக்கலாம். இதனாலேயே போஸ்ற்கிறெஸ் தரவுத்தளம் நியமத்தை மீறி, எண்ணல்லாதவை தம்முள் சமமென்றும் ஏனைய எண்கள் யாவற்றினும் பெரியனவென்றும் கொள்கின்றது. ஜாவா மொழியிலே, சமக்குறியிட்டு ஒப்பிடின் ஒரு விடை, பொருளாக்கி ஒப்பிடின் மற்றொரு விடை. நியமமும் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது, எண்ணல்லாதவற்றையும் உள்ளடக்கிய முழு ஒழுங்கு ஒன்றினைத் தனியே வகுத்தது. அதே திருத்தத்திலே புகுத்தப்பட்ட சிறியது, பெரியது காணும் செய்கைகள், சேர்க்கும் வரிசைக்கேற்ப வெவ்வேறு விடை தரக்கூடியனவாயிருந்தமையால் 2019இல் நீக்கப்பட்டு, எண்ணல்லாததைக் கடத்துவன, விலக்குவன என இரு வகைச் செய்கைகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

இவை யாவும் ஏட்டுச்சுரைக்காய் எனக் கருதுவோருக்கு ஒரு நிகழ்ச்சியை நினைவூட்டலாம். 2020 ஒக்ரோபரிலே சாரதியற்ற பந்தயக் காரொன்று புறப்பட்ட கணத்திலேயே திரும்பிச் சுவரில் மோதிற்று. சுக்கானுக்குச் சென்ற கட்டளை எண்ணல்லாததாக மாறியமையால், சுக்கான் வலப்புற எல்லையிலே இறுகிவிட்டதென அக்குழுவினர் விளக்கினர். எல்லையிட்டுக் கட்டுப்படுத்தும் கட்டளைகள் இத்தகைய தரவினை எவ்வாறு கையாளும் என்பது சொல்லமைப்பையே பொறுத்தது. 'மேலெல்லைக்குக் குறைவாயின் அவ்வாறே விடுக, அன்றேல் மேலெல்லையை இடுக' என எழுதின், எண்ணல்லாதது உச்ச எல்லையாக மாறும். 'மேலெல்லையினும் பெரிதாயின் மேலெல்லையை இடுக, அன்றேல் விடுக' என எழுதின், அது தடையின்றிக் கடந்து செல்லும். காவல் உள்ளது போன்ற தோற்றமே இரண்டிலும் எஞ்சுவது.

துல்லியத்தைக் குறைக்கும் மாற்றத்தின்போது நிகழ்வது இதனினும் விந்தையானது. 32 பிற்று எண்ணின் மேற்பாதியை மட்டும் வைத்துக்கொள்வதே 'பிபுளோற் 16' என்னும் வடிவம். எண்ணல்லாததன் அடையாளம் பின்னப்பகுதியின் கீழ்ப் பிற்றுகளிலே மட்டும் இருக்குமாயின், கீழ்ப்பாதியை வெட்டியவுடன் பின்னப்பகுதி பூச்சியமாகி, அது முடிவிலியாக உருமாறும். வெட்டாது கிட்டத்தட்டமாக்குதற்குக் கீழ்ப்பாதியோடு ஓர் எண்ணைக் கூட்டுவது வழக்கம். பின்னப்பகுதி முழுவதும் 1 ஆகவுள்ள எண்ணல்லாததோடு அவ்வாறு கூட்டினால், மிகை மேலே ஏறி, அடுக்கைக் கடந்து, குறிப்பிற்றையும் தொட்டு, ஈற்றில் விடை மறைப் பூச்சியம் ஆகின்றது. அறியப்படாதது பூச்சியமாகிவிட்டது! அதன்பின் எந்தச் சோதனையும் அதனைக் கண்டுபிடிக்காது. பூச்சியம் மிகவும் கண்ணியமான எண். இதனாலேயே முறையாக எழுதப்பட்ட மாற்றுச் செய்நிரல்கள், எண்ணல்லாததா என்பதை முதலில் வினவிய பின்னரே ஏனைய வேலையைத் தொடங்குகின்றன. வேகத்துக்காகத் தொகுப்பிக்கு இடப்படும் சில சலுகைகளோ, 'எண்ணல்லாதது வரவே மாட்டாது' என்னும் உறுதிமொழியைக் கொண்டவை. அவ்வுறுதியை நம்பும் தொகுப்பி அந்த வினாவையே நீக்கிவிடலாம். சோதனை எழுதப்பட்டிருக்கும், நடைபெறாது.

ஆகவே ஒப்பீட்டின் ஒழுங்கினை நாம் இவ்வாறு மாற்றியமைத்தோம். முதலிலே, இரு அட்டவணைகளிலும் எண்ணல்லாதவை எவ்வெவ்விடங்களில் உள்ளன என்பது மட்டும் ஒப்பிடப்படுகின்றது. ஓரிடத்தில் ஒன்றிலே இருந்து மற்றையதிலே இல்லையாயின் அஃது அவ்விடத்திலேயே பிழை. அடுத்து முடிவிலிகள், குறியோடு சேர்த்து ஒப்பிடப்படுகின்றன. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்து வித்தியாசம் காணமுடியாதாகையால் இது தனியே செய்யப்படல் வேண்டும். எஞ்சியவற்றுக்கே அனுமதித்த வித்தியாசம் என்னும் அளவுகோல் பொருந்தும்; அதுவும் 32 பிற்றுக்கு உயர்த்திய பின்னர், 'உட்பட்டதாயின் ஏற்க' என்னும் வாக்கியத்தினாலேயே. இவற்றுக்கு மேலாக, எத்தனை இடங்கள் உண்மையிலே எண்ணாக ஒப்பிடப்பட்டன என்பதையும் செய்நிரல் அச்சிடல் வேண்டும் என வற்புறுத்தினோம். எம்மைக் காப்பாற்றியிருக்கக்கூடியது இந்த ஒரு வரியே. பிற்றுக்குப் பிற்று ஒப்பிட்டாற் போதாதா எனச் சிலர் கேட்டனர். 16 பிற்று வடிவின் 65,536 கோலங்களிலே 2,046 கோலங்கள் எண்ணல்லாதவை. ஒரே நிலையைக் குறிக்கும் இரு கோலங்கள் வேறுபட்டு நிற்கும். நேர்ப் பூச்சியமும் மறைப் பூச்சியமும் சமமாயிருந்தும் கோலத்தால் வேறுபடும். ஆகவே அது போதாது.

கோலங்கள் பலவாக இருத்தல் வீண் எனக் கொள்ளலாகாது. ஆர் எனப்படும் புள்ளிவிபரவியல் மொழி, 'தரவு கிடைக்கவில்லை' என்பதனை, 1954 என்னும் எண்ணைத் தன் கீழ்ப்பகுதியிலே தாங்கிய ஓர் எண்ணல்லாததாகவே சேமிக்கின்றது. கணிப்பு உடைந்ததனால் வந்த வெறுமையினின்றும், கேட்கப்படாததனால் வந்த வெறுமை அங்ஙனம் வேறுபடுத்தப்படுகின்றது. 64 பிற்றிலிருந்து 32 பிற்றுக்கு இறக்கும்போதே அக்கீழ்ப்பகுதி வெட்டுண்டு போகின்றது. 16 பிற்று வடிவின் பின்னப்பகுதியோ பத்தே பிற்றுகள் கொண்டது. 1954ஐ எழுதவே அங்கு இடமில்லை.

இதற்குக் கீழே இறங்க இறங்க நிலைமை மேலும் குறுகுகின்றது. 2022இல் என்விடியா, இன்ரெல், ஆர்ம் ஆகிய கம்பனிகள் கூட்டாக முன்வைத்த 8 பிற்று வடிவங்கள் இரண்டு. ஒன்றிலே 256 கோலங்களில் ஆறு எண்ணல்லாதவை. மற்றையதிலே, எண்களுக்கு இடம் மிச்சப்படுத்துவதற்காக முடிவிலியே நீக்கப்பட்டு, எண்ணல்லாதவை இரண்டாகக் குறைக்கப்பட்டன. அதிலே மிகப்பெரிய எண் 448. அதனைக் கடக்கும் பெறுமானத்தை 448இலேயே நிறுத்துவதா, எண்ணல்லாததாக்குவதா என்பது மாற்றுவோனின் தெரிவு. அத்தெரிவு வேறுபட்ட இரு பொறிகளின் விடைகளை ஒப்பிடுவோர், கணிப்பினையன்றிக் கொள்கையினையே ஒப்பிடுகின்றனர். வேறு சில கம்பனிகளின் 8 பிற்று வடிவத்திலே, மறைப் பூச்சியத்துக்குரிய கோலமே ஒரேயொரு எண்ணல்லாததாக நியமிக்கப்பட்டுள்ளது. ஒரு கம்பனியின் பொறியிலே பூச்சியம், மற்றையதிலே எண்ணல்லாதது. 1985க்கு முன்னிருந்த அராஜகம் மறு உருவெடுத்ததோ என ஐயுறத் தோன்றுகின்றது. 4 பிற்று வடிவிலோ எண்ணல்லாதது என்பதே இல்லை. 0, 0.5, 1, 1.5, 2, 3, 4, 6 ஆகியனவும் அவற்றின் மறைகளும் மட்டுமே உண்டு. 2023இல் வெளியான தொகுதி வடிவ நியமத்தின்படி 32 எண்கள் பொதுவான ஓர் அளவுக்காரணியைப் பகிர்ந்துகொள்கின்றன. அக்காரணி எண்ணல்லாததாயின் 32உம் எண்ணல்லாதவையாகும். தனியொன்று தன் வெறுமையைத் தனியே அறிவிக்க வழியில்லை. நினைவகத்தையும் மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் தேவை உண்மையானதே, அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மிச்சப்படுத்தப்பட்ட இடம் எவருடையது என்னும் வினா அட்டவணையைப் படிப்போருக்கு எழாமற் போவதுதான் எம்மை உறுத்துகின்றது.

நாவல்களின் கணிப்பை நாம் 32 பிற்றுக்கே மீட்டுவிட்டோம். பாடல்களுக்கு அது உதவாது. சொற்பட்டியலையே திருத்த வேண்டியிருந்தது. தோட்டப் பாடல்களின் சொற்களைச் சேர்த்து மீளக் கணித்தபோது அவற்றிற் பல எண்களாயின. இரண்டொரு சொற்களே எஞ்சிய சிதைந்த பாடல்கள் சில இப்பொழுதும் எண்ணாகவில்லை. அவற்றின் இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பலாமே என அட்டவணையைச் செப்பனிட்ட நண்பர் கூறினார். நாம் உடன்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் எண் இல்லை என்பதைச் சொல்லாலேயே எழுதும் தனி நிரலொன்று இப்பொழுது அவ்வட்டவணையிலே உண்டு.